அண்ணாவின் நான்கு பக்கங்கள்

அச்சகத்தில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், குப்பை பொறுக்குகிற வேலை என்றுதான் சொல்வேன். டொக்யார்ட் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அச்சகம் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து கலியாணக் கார்ட் வரும். தோப்பூரிலிருந்து கமக்காரர் சங்கத்தின் ஆண்டறிக்கை வரும். பள்ளிக்கூட மலர்கள், கோயில் நோட்டீஸ், எல்லாமே இப்போது வேர்ட் ஃபைலாகத்தான் வருகின்றன. திறந்து பார்த்தால் தலை சுற்றும். தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பேஸ் பாரை நாற்பது தரம் தட்டியிருப்பார்கள். வட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டியதில் சொல்லுக்குச் சொல் நட்சத்திரம் ஒட்டியிருக்கும். இணையத்திலிருந்து எடுத்ததென்றால் பின்னால் ஒரு சாம்பல் நிறம் பூசியிருக்கும், என்ன செய்தாலும் போகாது. கொம்பு, அரவு போன்ற உயிர்க்குறிகள் எழுத்தைவிட்டுக் கழன்று, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும்.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க ஏலாதவள் நான். அதனால் ஒவ்வொரு குப்பையாகக் கிள்ளிக்கொண்டிருக்க மாட்டேன். ஃபைலைத் திறந்த கையோடு எல்லாவற்றையும் தெரிவுசெய்து, நோட்பேடில் கொண்டுபோய் ஒட்டுவேன். நோட்பேட் ஒன்றும் தெரியாத சாமான். அதற்கு நிறம் தெரியாது, தடிப்புத் தெரியாது, சரிவு தெரியாது. தெரிந்ததெல்லாம் எழுத்து மட்டும். மேலே பூசியதெல்லாம் அங்கே கழன்று விழுந்துவிடும். பிறகு அதை எடுத்து, இரட்டை இடைவெளியை ஒற்றையாக்கி, தனியே நிற்கிற குறிகளை அழித்து, எங்கள் பக்கத்துக்குள் விடுவேன். இருபது வருடமாக இப்படித்தான். இவ்வளவு வேகமாகத் துப்புரவாக்குகிற ஆள் இந்த ஊரிலேயே இல்லை என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்லுவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எங்கள் அச்சகம் தாக்குப்பிடிப்பதே செத்தவர்களால்தான். செத்த முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு நினைவு மலரும் கொடுக்க வேண்டும். பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியது, கடைசியில் நன்றி. இப்படி எத்தனையோ வீட்டுக்காரரின் கண்ணீரை நான் ஒரு சொல்லும் வாசிக்காமல் பக்கத்துக்குள் விட்டிருக்கிறேன். போன வருடம் என் அம்மாவுக்கும் நான்தான் செய்தேன்.

அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திங்கட்கிழமை காலை வார்ட்டில் போட்டோம், புதன்கிழமை பின்னேரம் கண்ணை மூடிவிட்டார். அண்ணா கனடாவில். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர், நாடு பொருளாதாரத்தில் விழுந்தபோது சம்பளமில்லா விடுமுறை எடுத்துக்கொண்டு விசிட் விசாவில் போய், அங்கேயே அகதியாகப் பதிந்துவிட்டார். அண்ணியும் பிள்ளைகளும் உப்புவெளியில். அவருடைய பேப்பர் இன்னும் சரிவரவில்லை. அந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே போக ஏலாது.

அந்த மூன்று நாளும் அண்ணாவுக்கு நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. "அம்மா நித்திரை, சின்னக் காய்ச்சல்" என்று எழுதி அனுப்பினேன். அண்ணியிடம்கூட புதன்கிழமை காலைவரை காய்ச்சல் என்றுதான் சொன்னேன். டொக்டர் திங்கட்கிழமையே கையை விரித்துவிட்டார்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அம்மா கண்ணைத் திறந்து, "அண்ணாவுக்குச் சொல்லிட்டியோ?" என்று கேட்டார். ஓம், சொல்லிவிட்டேன் என்றேன். என்னவாம் என்றார். வேலையில் நிற்கிறாராம், பிறகு எடுக்கிறாராம் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா என் போனைத் தன் தலையணையில் வைக்கச் சொன்னார். அது அடித்த நேரமெல்லாம் கண்ணைத் திறந்தார். அடித்தது ஒருமுறை அச்சகம், ஒருமுறை சித்தி, ஒருமுறை ஏதோ விளம்பரம். அண்ணா அழைத்த நேரம் நான் போனை எடுத்துக்கொண்டு கீழே தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நானே என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அவர் வந்தால் பேப்பர் போய்விடும், வராவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தவிப்பார், இரண்டும் வேண்டாமே என்று நினைத்தது உண்மை. அவர் போன நாளிலிருந்து அம்மாவைக் குளிக்க வார்த்தது, கிளினிக்குக்குக் கொண்டு போனது, திட்டு வாங்கியது எல்லாம் நான், கடைசி நேரத்தில் வீடியோவில் வந்து அழுதுவிட்டு அவர் நல்ல பிள்ளையாகிவிடுவார் என்று எரிச்சல்பட்டதும் உண்மை. எது முதலில் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொள்ளி வைத்தது சித்தியின் மகன். அண்ணா அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. எதுவானாலும் அண்ணியிடம் சொல்லுவார், அண்ணி எனக்குச் சொல்லுவார்.

மலருக்கு அண்ணாவும் எழுதவேண்டும் என்று அண்ணி மூலம் கேட்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் காலை அது வந்தது. வேர்ட் ஃபைல், நான்கு பக்கம். எனக்குக் கை நிற்கவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார், எழுதித்தான் இருக்கிறாரா, எனக்குத் தெரியவேண்டியது அதுதான். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கச்சேரியில் பழகிய பழைய தமிழ் எழுத்துருவிலேயே அடித்திருந்தார். அது அச்சகத்துக்குப் புதிதாக வாங்கிய கொம்பியூட்டரில் இல்லை. முதல் பக்கத்தில் பாதியில் நீலம், பாதியில் கறுப்பு, இடையிடையே அடிக்கோடு. இதை உட்கார்ந்து பார்க்க எனக்கு என்ன விசரா? முதல் பக்கத்தைத் தாண்டிக் கீழே இறங்காமலே எல்லாவற்றையும் தெரிவுசெய்து நோட்பேடில் ஒட்டினேன். அங்கிருந்து, பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றுகிற இணையப் பக்கத்தில் போட்டேன். தமிழ் வந்தது. மாற்றும்போது உடைந்த எழுத்துகளைச் சரிசெய்து, மிச்சக் குப்பையைத் தட்டி எறிந்து, பத்து நிமிடத்தில் முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.

அம்மா சாம்பல்தீவில் பிறந்தது, கடலில் தகப்பனைப் பறிகொடுத்தது, எங்களை வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்தது, எல்லாவற்றையும் கச்சேரித் தமிழில், ஒழுங்காக, தேதிவாரியாக எழுதியிருந்தார். தன் முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையை அம்மா கடைசிவரை உடுக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தது என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்தது. நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே இருந்தது.

"அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் எனக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தங்கை மறைத்துவிட்டாள். இதை நான் அவளுக்கு ஒருநாளும் மன்னிக்கமாட்டேன்."

அடுத்த பந்தியில் அம்மாவின் மீன் குழம்பைப் பற்றி எழுதியிருந்தார், ஒன்றும் நடக்காததுபோல.

எழும்பி வெளியே போனேன். ஒழுங்கையில், ஊருக்குள் அலைந்து திரிகிற மான்களில் இரண்டு எங்கள் குப்பைப் பெட்டியில் வெட்டுத் தாள் தின்றுகொண்டிருந்தன. அதுகளைத் துரத்தினேன். நேரே நடந்து இறங்குதுறைப் பக்கம் போய், திரும்பி வந்து, கதிரையில் இருந்து, அந்த மூன்று வரியையும் திரும்ப வாசித்து, திரும்பவும் எழும்பிப் போனேன். கடலைப் பார்த்தேன் என்று எழுதினால் பொய். எதையும் பார்க்கவில்லை. சித்தி முதல் அடுத்த வீட்டுக்காரர் வரை, வரப்போகிற இருநூறு பேரின் முகமும் வந்துபோயிற்று. என்னைப் பற்றி ஊருக்கு முன்னால் இப்படி எழுத எவ்வளவு துணிவு என்று ஒரு பக்கம். எழுதியதில் எந்தச் சொல் பிழை என்று இன்னொரு பக்கம்.

அழிக்கலாம். மூன்று வரி. எனக்கு ஒரு நொடி வேலை. இருபது வருடத்தில் எத்தனையோ பேருடைய எழுத்தில் எத்தனையோ எடுத்திருக்கிறேன், ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. விரலைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. அம்மா சாகப்போவதை அவருக்கு மறைத்தேன். இப்போது அவர் சொன்னதை ஊருக்கு மறைக்கப்போகிறேன். இதற்கும் எனக்கு உரிமை இருக்கிறதா?

முதலாளி புரூஃபைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதைத் தூக்கிவிடு பிள்ளை, கல்வெட்டிலை இப்பிடி வாறது வடிவில்லை" என்றார். அது அவர் எழுதியது, அப்படியே போகட்டும் என்றேன். உனக்குத்தான் கெட்ட பெயர் என்றார். வரட்டும் என்றேன். வீம்புதான். எனக்குத் தண்டனை வேண்டும் என்று ஒரு மனம். தாயின் கல்வெட்டில் தங்கையை இப்படி எழுதுகிற அண்ணனையும் ஊர் பார்க்கட்டும் என்று இன்னொரு மனம். இந்த இரண்டாவது மனம்தான் அன்றைக்குப் பலமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வேலையும் செய்தேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதிய எல்லோருக்கும், வெளிநாட்டில் இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் புரூஃபை போனில் அனுப்பி, சரி என்று பதில் வாங்குவோம். சித்திக்கு அனுப்பினேன். அண்ணாவின் மகளுக்கு அனுப்பினேன். அண்ணாவுக்கு அனுப்பவில்லை. தன் எழுத்தைத் தான் பார்க்கவேண்டுமென்றால் என்னோடு கதைத்துக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். இருநூறு பிரதி அடித்து, கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முப்பத்தோராம் நாள் காலை கடற்கரையில் கிரியை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். முற்றத்தில் தகரப்பந்தல் போட்டிருந்தது. முதல் பந்தி சாப்பிட்டு எழும்பியபோது மலரைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. குசினிக்குள் போய்ச் சோற்றுச் சட்டியைத் தூக்கினேன், இறக்கினேன். தண்ணீர்க் குவளையோடு பந்தலுக்குள் போனேன். ஒவ்வொருவரும் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு சும்மா புரட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு மனிசி நிறுத்தி, வாசித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார். இருவரும் தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார்கள். நான் அவர்களுக்கு நேரே போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

அண்ணி மலரை வாங்கி, அண்ணா எழுதிய பக்கங்களைப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அங்கே அப்போது நடுச்சாமம். ஆனால் அவர் நித்திரை கொள்ளாமல் எங்கள் காலை தொடங்கியதிலிருந்து கிரியையை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். அண்ணி என்னைத் தேடிக் குசினிக்கு வந்து, முகம் வெளிறிப்போய், போனை நீட்டினார். உன்னோடு கதைக்க வேண்டுமாம் என்றார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவருடைய குரல். போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்க வேலியடிக்குப் போனேன்.

"அந்த வசனம் எப்பிடி வந்தது?" என்றார்.

நீங்கள் எழுதினதுதானே என்றேன். எடுத்தெறிந்துதான் சொன்னேன். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"எழுதினனான். பிறகு வெட்டித்தானே அனுப்பினனான். மேலாலை கோடு போட்டு, பக்கத்திலை இனிஷியலும் வைச்சனான். நீ பாக்கேல்லையோ?"

என்னுடைய போனை எடுத்து அந்த ஃபைலைத் திறந்தேன். அதே ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கீழே, கீழே, மூன்றாம் பக்கத்தில் மூன்று வரிக்கு மேலால் நேராக ஒரு கோடு ஓடியது. கோட்டை வாசிக்க எழுத்துரு தேவையில்லை. முடிகிற இடத்தில் அவருடைய பெயரின் இரண்டு ஆங்கில எழுத்து. அந்த இரண்டும் மாற்றுகிற பக்கத்தில் விழுந்து அர்த்தமில்லாத ஏதோ தமிழ் எழுத்தாக வந்திருக்கவேண்டும். குப்பையென்று நான்தான் தட்டி எறிந்திருக்கிறேன்.

கச்சேரிக் கோப்பில் பிழை விட்டால் சுரண்டி அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. மேலால் ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல். என்ன எழுதி வெட்டினீர்கள் என்பது பிறகு வருகிறவருக்கும் தெரியவேண்டும். அண்ணா வீட்டுச் சாமான் சிட்டையையே அப்படித்தான் திருத்துவார். அழிக்கிற பொத்தான் அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கைக்கு அழிக்க வராது. நோட்பேடுக்கோ கோடு தெரியாது. அவர் வெட்டிய மூன்று வரியை நான் வெட்டாததாக்கி, இருநூறு பிரதி அடித்து, சாப்பாட்டோடு கொடுத்திருக்கிறேன்.

அவரே மேலே கதைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"கோவத்திலை எழுதினனான். எழுதிப்போட்டு ரெண்டு நாள் யோசிச்சன். அம்மாதான் உன்னை மறிச்சிருப்பா. நான் வெளிக்கிட்டால் என்ர பேப்பர் போயிடும் எண்டு அவவுக்குத் தெரியும். அவ சொல்லாதை எண்டால் நீ என்ன செய்வாய்? பிழை உன்னிலை இல்லை எண்டுதான் வெட்டினனான்."

ஓம் அண்ணா, அம்மாதான் மறித்தார் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். பந்தலில் இருக்கிறவர்களுக்கு அச்சுப் பிழை என்று சொல்லிவிடலாம், அதுவும் பொய்யில்லை. அம்மா வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது. வேலியோரம் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை இரண்டு தரம் நடந்தேன். லைன் போய்விட்டதோ என்று அவர் கேட்டார்.

"அம்மா மறிக்கேல்லை அண்ணா," என்றேன். "அம்மா கேட்டவ. அண்ணாவுக்குச் சொல்லிட்டியோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டு பொய் சொன்னனான். நீங்கள் வேலையிலை நிக்கிறியள், பிறகு எடுப்பியள் எண்டு சொன்னனான். அவ போனைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தவ."

பந்தலுக்குள் இரண்டாம் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. அவர் மூச்சு இழுப்பதும் விடுவதும் கேட்டது. திட்டட்டும், கத்தட்டும், போனை வைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த வசனம் இருக்கட்டும்," என்றார்.

ஓம் என்றேன். இனிக் கதைக்கமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் போனை அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அண்ணி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி வந்து ஏதோ கேட்டுவிட்டு, பதில் வராததால் திரும்பிப் போனார். கனநேரம் கழித்துத்தான் அவருடைய குரல் வந்தது, மூக்கடைத்த குரலாக.

"மூண்டு நாளும் அம்மா என்னென்ன கதைச்சவ? ஒண்டையும் விடாமல் சொல்லு."

வேலியோரம் நடந்துகொண்டே, திங்கட்கிழமை காலை அம்மாவை ஓட்டோவில் ஏற்றிய இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.